நூற்றறுபது வருடத்து மழை

கம்பம் ஊரில் அவர் வீட்டு மாடிக்குக் குடிபோன மறுநாள், பாலுக்கு உறை ஊற்ற ஒரு கரண்டி மோர் கேட்டுக் கீழே இறங்கிப் போனேன். நீட்டிய கிண்ணத்தை அவர் வாங்கவில்லை.

"யாருக்கு? பிள்ளைக்கா, பெரியாளுக்கா?"

"மகளுக்குத்தாங்க்கா."

"என்ன பாலு?"

"பாக்கெட் பால்."

"ஆறிருச்சா, இன்னும் சூடா இருக்கா?"

மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. ஊர் புதிது, யாரையும் தெரியாது. ஒரு கரண்டி மோருக்கு இத்தனை கேள்வியா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் உள்ளே போய் ஒரு சொம்பு நிறைய மோரோடு வந்தார். "நாளைக்குக் காலையில உறைஞ்சுச்சா இல்லையான்னு வந்து சொல்லணும். சொல்லாமப் போயிறாத" என்றார். நான் போய்ச் சொல்லவில்லை. அவரே மாடியேறி வந்து பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "யாரைக் கேட்டு எழுதுனே?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அக்கா என்றே சொல்கிறேன். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. கணவர், பன்னீர்த் திராட்சைப் பழம் வாங்கிக் கேரளத்துக்கு அனுப்பும் வியாபாரி. வீட்டின் முன்பாதி முழுவதும் பழப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். அக்கா மதுரையில் விடுதியில் தங்கி வேதியியல் படித்தவர். தேர்வு முடிந்த மாதமே கல்யாணம்.

தெருவில் அவருக்குக் கஞ்சப் பிசினாரி என்று பெயர். அது உண்மையில்லை. கேட்டுத்தான் கொடுப்பார், அவ்வளவுதான். ஒருமுறை திருவிழாவுக்கு வசூலிக்க நோட்டுப் புத்தகத்தோடு நான்கு பேர் வந்தார்கள்.

"எதுக்குப்பா?"

"மண்டபத்துக்கு டியூப்லைட் போடுறோம்க்கா. உங்க பேர அதுல எழுதிருவோம்."

"எங்கன எழுதுவீக?"

"லைட்டு மேலதான்."

"லைட்டு மேல எழுதுனா வெளிச்சத்த மறைக்கும்ல? நான் குடுக்கிறது வெளிச்சத்துக்கா, எழுத்துக்கா?"

வந்தவர்களில் ஒருவர், "எம்மா, தர்மம் பண்ண இம்புட்டுக் கேள்வி கேட்டா புண்ணியம் கரைஞ்சு போயிரும்" என்றார். "கரையட்டும். எனக்கு லைட்டு எரிஞ்சாப் போதும். பேரு இல்லாம மாட்டுறதா இருந்தா சொல்லுக, ரெண்டாத் தாரேன்" என்றார் அக்கா. அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். பெயரில்லாத விளக்கை மாட்டும் வழக்கம் அவர்களிடம் இல்லை.

எனக்கு இந்தத் தைரியமெல்லாம் கிடையாது. யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிட்டு, பிறகு தனியாக உட்கார்ந்து, சரியாகத்தான் செய்தோமா என்று யோசிக்கிறவள். கணினி படித்திருந்தேன். படித்ததற்கு அடையாளமாக மாடியில் ஒரு கணினியும் இருந்தது. கல்யாணத்துக்கு அப்பா வாங்கித் தந்தது. அரசுத் தேர்வுக்குப் படிக்க அது உதவும் என்று என் கணவர் அலுவலகத்தில் சொல்லிவைத்திருந்தார். அதில் நான் மகளுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டுவேன்.

அக்கா வீட்டிலும் ஒரு கணினி இருந்தது. பொறியியல் முடித்து வெளியூர் போன மகன் விட்டுச்சென்றது. அதன்மேல் பழைய வேட்டியைப் போர்த்தி வைத்திருந்தார்கள். ஒருநாள் பழம் பொறுக்கிக்கொண்டே பேசும்போது, எங்கள் கல்லூரி ஆய்வகத்துக் கணினிகளைப் பற்றிச் சொன்னேன். நாங்கள் தொடாமல் இருக்கும் நேரத்தில் அவை தாமாக ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும். வானத்திலிருந்து வரும் ஒலிகளைத் துண்டுதுண்டாக்கி உலகம் முழுக்க அனுப்புவார்கள். ஒவ்வொரு கணினியும் ஒரு துண்டை அலசிப் பதில் அனுப்பும். அந்த ஒலியில் வேற்றுக் கிரகத்துக்காரர்கள் யாராவது பேசுகிறார்களா என்று தேடுவார்கள்.

அக்கா கையிலிருந்த கொத்தைக் கீழே வைத்தார்.

"கேட்டுக்கிட்டுக் குடுக்கிறதா, கேக்காமயா?"

"விருப்பப்பட்டவங்க மட்டும்தாங்க்கா. வேண்டாம்னா எப்ப வேணாலும் நிறுத்திக்கலாம்."

"இருபத்தஞ்சு வருசமா என் நேரத்த இந்த வீட்ல எல்லாரும் எடுத்து எடுத்துக் குடுத்திருக்காக. கல்யாண வீட்டுக்கு அரிசி பொடைக்க இவ போகட்டும், தோட்டத்தாளுக்குச் சோறு இவ கொண்டாரட்டும்னு. சும்மாத்தான இருக்காளேன்னு ஒரு சொல்லு. யாரும் என்னையக் கேக்கல." எழுந்து போய்க் கணினி மேலிருந்த வேட்டியை உருவினார். "வா. இத யாருக்குக் குடுக்கலாம்னு பாப்போம்."

தேர்ந்தெடுக்க மூன்று வாரம் ஆனது. தொலைபேசி வழி இணையம். இணைத்தால் போன் வேலை செய்யாது. ஒவ்வொரு திட்டத்தின் பக்கத்தையும் இறக்கிவைத்து இணைப்பைத் துண்டித்த பிறகு நான் படித்துத் தமிழில் சொல்வேன். அவர் மூன்று கேள்வி கேட்பார். யாருக்கு இது? கிடைத்ததை எல்லாருக்கும் காட்டுவார்களா, பூட்டி வைப்பார்களா? முடிவு என்னவென்று நமக்குச் சொல்வார்களா?

வானத்துத் திட்டத்தை முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பத்தாம் நாள் நிறுத்தினார். "அவுக பேசுறது கேட்டு, வாங்கன்னு கூப்பிட்டு, வந்துட்டா இங்கன குடிக்கத் தண்ணி இருக்கா?" மிகப்பெரிய பகா எண்ணைத் தேடும் திட்டத்துக்கு ஒரே நொடியில் தீர்ப்பு வந்தது: "தேடுறவுகளுக்குச் சந்தோசம். தேடட்டும்." மருந்து கண்டுபிடிக்கும் திட்டம் ஒன்று அவருக்குப் பிடித்திருந்தது. அந்த மருந்தைப் பிறகு யார் விற்பார்கள் என்று கேட்டு என்னை ஆங்கிலத்தில் கடிதம் எழுதவைத்தார். பதில் வரவில்லை. அதோடு அது போயிற்று. மூன்று நான்கையும் ஒரே சமயத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டலாமே என்றேன். "கொடியில எல்லாக் கண்ணையும் விட்டு வச்சா எது காய்க்கும்? வெட்டிக் கவாத்துப் பண்ணித்தான் ஆகணும்" என்றார்.

கடைசியில் நின்றது மழைத் திட்டம். பூமியின் வெயில், காற்று, கடல், மழை எல்லாவற்றையும் கணக்காக எழுதி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதிலிருந்து இரண்டாயிரத்து எண்பது வரை ஓட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு வீட்டுக்கும் சின்னச் சின்ன மாற்றத்தோடு ஒரு தனிக் கணக்கு வரும். கடந்துபோன வருடங்களை யாருடைய கணக்கு சரியாகச் சொல்கிறதோ, வரப்போகும் வருடங்களைப் பற்றி அது சொல்வதைக் கூடுதலாக நம்புவார்கள். இதற்கும் ஒரு கேள்வி எழுதிப் போட்டோம். இரண்டே நாளில், முடிவுகள் எல்லாருக்கும் திறந்திருக்கும் என்று பொறுமையாக நாலு பத்தி எழுதி ஒருவர் பதில் அனுப்பியிருந்தார். அக்கா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். "மனுசன் மதிச்சுப் பதில் சொல்றான்" என்றார்.

இன்னொரு வசதியும் இருந்தது. மற்ற திட்டங்கள் தினமும் துண்டு கேட்கும். இது ஒருமுறை இறக்கினால் மாதக்கணக்கில் தானாக ஓடும். எப்போதாவது ஐந்து நிமிடம் இணைத்தால் போதும். ஏற்கெனவே அக்காவின் கணவர், "கேரளத்துப் பாலா ஊர்ல இருந்து லோடு கேக்குறவன் போன் போட்டா எங்கேஜ்டு எங்கேஜ்டுன்னு வருதாம். மழையப் பாத்துக்கிட்டே இரு, பழம் அழுகட்டும்" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

பதிவு செய்யும்போது பெயர் கேட்டது. "ஊர்ப் பேர மட்டும் போடு" என்றார்.

அதன்பிறகு அந்த அறை ஒரு பண்ணையாள் இல்லாத தோட்டம் போல ஆனது. எல்லாம் அவரே. பழவாசனைக்கு எறும்பு வந்து கணினிக்குள் ஏறியது. மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினார். மின்சாரத்துக்குக் கீழே தண்ணீரா என்று நான் பதறினேன். "எறும்பு மேல போறதவிடத் தண்ணி கீழ இருக்கிறது நல்லது" என்றார். மாதம் ஒருமுறை பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். அன்று அரை மணி முன்பே நான் சொல்லிக்கொடுத்த முறைப்படி கணக்கை நிறுத்தி, கணினியை மூடி, மின்சாரம் வந்ததும் திரும்ப ஓடவிடுவார். திரையில் கணக்கு எந்த வருடத்தில் நிற்கிறது என்று தெரியும். அதைக் காலையில் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். "இன்னைக்கு நாப்பத்தேழு. கொடி ஏத்துறாக" என்பார். பழம் வாங்க வந்தவர்கள் ஒன்றும் புரியாமல் விழிப்பார்கள்.

அவர் பிறந்த வருடம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஆயுத பூஜை வந்தது.

அன்று கடையில் தராசு, அரிவாள், பெட்டி அடிக்கும் சுத்தியல் எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, ஒருநாள் ஓய்வு கொடுப்பார்கள். கணினியையும் வைக்கவேண்டும் என்றார் கணவர். "பொட்டு வைங்க. நிப்பாட்ட வேணாம்" என்றார் அக்கா. "ஆயுதம்னா ஒருநாள் ஓய்வு குடுக்கணும்ல." "வாய்க்காத் தண்ணி நம்ம மொறையில வரும்போது பூசைன்னு சொல்லி மடைய அடைப்பீகளா? இது ஓடிக்கிட்டிருக்கு."

மத்தியானம் நானும் அக்காவும் பொரிகடலைத் தட்டோடு எதிர்வீட்டுக்குப் போயிருந்தோம். அந்த நேரத்தில் அக்காவின் கணவர் பக்தியோடு உள்ளே போய், சுவிட்சையும், அது போதாதென்று பேட்டரிப் பெட்டியையும் அணைத்திருக்கிறார். பிறகு ஒளிரும் பொத்தானின் மேலேயே சந்தனத்தை அப்பி, மாலை போட்டுவிட்டு வந்துவிட்டார். வழக்கமாக மின்சாரம் போனால்கூட விட்ட இடத்திலிருந்து தொடரும். அன்று எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுந்துபோயிருந்தது. மறுநாள் போட்டபோது, கணக்கு கெட்டுவிட்டது என்றும் புதியது வேண்டுமா என்றும் திரை கேட்டது.

நின்ற வருடம் ஐம்பத்தெட்டு. அக்கா பிறந்தது ஐம்பத்தொன்பதில்.

"நான் பொறக்கிறதுக்குள்ள அணைச்சுப்புட்டாக" என்றார். சிரிக்கவில்லை.

அவர் கணவருக்கு உண்மையிலேயே வருத்தம்தான். "நல்லதுன்னு நெனச்சுத்தான செஞ்சேன்" என்று இரண்டு நாள் பின்னாலேயே நடந்தார். அக்கா பொத்தானில் காய்ந்திருந்த சந்தனத்தை ஊக்கால் சுரண்டி எடுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இருவதுல இருந்து போடு" என்றார். மூன்று மாதக் கணக்கு போயிருந்தது. விட்டுவிடலாமே என்று நான் சொல்லத் தொடங்கினேன். "போடுன்னேன்" என்றார்.

அப்போதுதான் நான் ஒரு வழி சொன்னேன். வாரம் ஒருமுறை கணக்கை நிறுத்தி, அந்தக் கோப்புறை முழுவதையும் ஒரு சிடியில் படியெடுத்து வைத்தால், கெட்டுப்போனாலும் ஒரு வாரம்தான் போகும். படி தன் வீட்டில் இருக்க வேண்டாம், என்னிடம் இருக்கட்டும் என்றார் அக்கா. வெள்ளிக்கிழமை தோறும் சிடி மாடிக்கு வந்தது. மகளின் தடுப்பூசி அட்டை வைத்திருந்த கோப்பில் அதைச் செருகிவைத்தேன்.

மறைத்துத்தான் வைத்தேன். என் கணவர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். பயந்த மனிதர், கெட்டவர் அல்ல. "வெளிநாட்டுக்காரன் புரோகிராம் நம்ம வீட்டு மெஷின்ல ஓடுனா நாளைக்கு யாரு பதில் சொல்றது? கீழ் வீட்டோட விட்டுரு. இங்கன வேணாம்" என்று முதலிலேயே சொல்லியிருந்தார். சரி என்றேன். எனக்கும் பயம்தான். சிடி வைத்திருப்பது ஓட்டுவதாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பிறகு, சொல்லாமல் வைத்திருப்பது மட்டும் சரியா என்று யோசிப்பேன்.

இந்த முறை கணக்கு ஐம்பத்தொன்பதைத் தாண்டியது. அன்று அக்கா பாயசம் வைத்தார். "எனக்கு இன்னைக்குத்தான் பேரு வச்சிருக்காக" என்றார். எண்பது வந்தபோது, "கல்யாணம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மிளகாய் அரைக்கப் போனார். மகன் பிறந்த வருடம் போயிற்று. நான் பிறந்த வருடம் போயிற்று. என் மகள் பிறந்த வருடம் வந்த அன்று அவளைத் தூக்கிக்கொண்டு போய்த் திரையைக் காட்டினேன். அதற்குப் பிறகு வந்தவை யாரும் பார்க்காத வருடங்கள். அக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டார். இரண்டாயிரத்து முப்பதில் என் மகளுக்கு என் வயது இருக்கும் என்று கணக்குப் போட்டு, அந்த வருடம் இங்கே மழை பெய்யுமா என்று கேட்டேன். "நம்ம ஒரு வீட்டுக் கணக்குல தெரியாது. ஆயிரம் வீடு முடிக்கணும். நம்மது முடியணும் மொதல்ல" என்றார்.

கணக்கு முப்பத்திரண்டில் இருந்தபோது அக்காவின் மகன் விடுமுறைக்கு வந்தான்.

நல்ல பையன். அம்மாவுக்குப் புது மடிக்கணினி வாங்கி வந்திருந்தான். அக்கா ஒரு சாவு வீட்டுக்காக உத்தமபாளையம் போயிருந்த பகலில், பழைய கணினியைச் சுத்தமாக அழித்து, தெருக்கோடியில் இருந்த படிப்பகத்துக்கு, "எங்க அம்மா சார்பா" என்று கொடுத்துவிட்டான். படிப்பகத்துக்காரர்கள் உடனே அதன்மேல் அக்கா பெயரை வெள்ளைப் பெயின்டால் எழுதிவிட்டார்கள்.

அக்கா திரும்பி வந்து வெறும் மேசையைப் பார்த்தார். நான்கு கிண்ணத் தண்ணீரும் அப்படியே இருந்தது.

"ஏம்மா மொறைக்கிற? நல்ல காரியம்தான? பிள்ளைக படிக்கும்ல. நீயே எதையாச்சும் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்ப" என்றான் மகன்.

"நான் குடுக்கிறது வேற. என்னைய வச்சு நீ குடுக்கிறது வேற."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"ஒங்கப்பன் அணைச்சாரு. நீ அழிச்சிட்ட. ரெண்டு பேரும் நல்லதுதான் செஞ்சீக. எனக்குத்தான் நல்லது செஞ்சே இந்த வீட்ல எல்லாரும் என் கையக் கட்டிப்புட்டீக."

படிப்பகத்திலிருந்து திரும்ப வாங்கலாம் என்று கணவர் சொன்னபோது மறுத்துவிட்டார். "பிள்ளைக கையில போயிருச்சு. பிடுங்க மாட்டேன். ஆனா பேர அழிக்கச் சொல்லுக." தானே போய் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு வந்தார். புது மடிக்கணினியைப் பிரிக்காமல் மகனின் பெட்டியிலேயே திரும்ப வைத்தார். "இத வாங்கட்டுமான்னு என்னையக் கேட்டியா?"

அன்று சாயங்காலம் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார். கடைசிச் சிடி என்னிடம் இருந்தது. முப்பதாம் வருடம் வரை அதில் இருந்தது. இருவருக்கும் அது தெரியும். என் அறையில் ஒரு கணினி இருப்பதும் தெரியும். அவர் கேட்பார் என்று நினைத்து, என்ன பதில் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஒன்னையக் கேக்க மாட்டேன்த்தா" என்றார். "கேட்டா நீ மாட்டேன்னு சொல்ல மாட்ட. யாரு கேட்டாலும் ஒனக்கு மாட்டேன்னு சொல்ல வராது. மாட்டேன்னு சொல்லத் தெரியாதவ சரின்னு சொன்னா அது குடுத்ததா ஆகுமா?"

எழுந்து இறங்கிப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் வந்த முதல் கோபம் அதுதான். என்னைப் பற்றி இப்படிச் சொல்ல இவர் யார் என்று தோன்றியது. அதே நேரம், அது உண்மை என்பதும் தெரிந்தது. கல்யாணத்துக்கு, இந்த ஊருக்கு, தேர்வுக்குப் படிக்க, படிப்பை விட, எல்லாவற்றுக்கும் நான் சரி என்றுதான் சொல்லியிருந்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை, கணவர் அலுவலகம் போனதும், தடுப்பூசிக் கோப்பிலிருந்து சிடியை எடுத்தேன். கோப்புறையை என் கணினியில் ஏற்றினேன். முப்பதாம் வருடம், ஒரு மார்ச் மாதத்திலிருந்து கணக்கு நகரத் தொடங்கியது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை.

ஓடவிட்ட நாலாம் நாள் கீழேயிருந்து அக்காவின் சத்தம் வந்தது. "மேல ஃபேன் எரைச்சல் புதுசாக் கேக்குது. எந்த வருசம்?"

"முப்பத்தொண்ணு" என்றேன்.

"ம்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு தினமும் காலையில் கேட்பார். மேலே வந்து பார்க்கமாட்டார்.

கணவருக்குத் தெரிவதற்கு இரண்டு வாரம் ஆனது. தெரிந்த நேரமும் மோசமான நேரம். மகளுக்குக் காய்ச்சல் ஏறி, கண் செருகி, வலிப்பு வந்தது. ஆட்டோவில் அவளை மடியில் போட்டுக்கொண்டு நான் கத்திய கத்தல் இப்போதும் காதில் இருக்கிறது. மருத்துவர் ஊசி போட்டுவிட்டு, சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வேகமாக ஏறும்போது இப்படி வரும், வளர வளர விட்டுப்போகும் என்றார். வீட்டுக்கு வந்ததும் கணவர் அறைக்குள் கை நீட்டிச் சூடு பார்த்தார்.

"இருவத்துநாலு மணி நேரமும் இது ஓடுதா? இந்தச் சூட்டுலதான் பாப்பாவுக்கு இப்படி ஆச்சு. நான் அன்னைக்கே சொன்னேன்ல? இன்னையோட நிப்பாட்டு."

அப்படி இருக்குமோ? மறுநாள் மருத்துவரிடம் போய்க் கேட்டேன். "கம்ப்யூட்டர் சூட்டுல வலிப்பா? யாரும்மா சொன்னது?" என்று அவர் சிரித்தார். சிரித்த பிறகும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. முழுச் சந்தேகமும் போகவில்லை. வீட்டுக்கு வந்து, கணக்கை முறைப்படி நிறுத்தி, மேசையோடு கணினியைச் சமையலறைக்கு இழுத்தேன். அரிசி டின்னுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் வைத்து மறுபடி ஓடவிட்டேன்.

கணவர் சாயங்காலம் பார்த்தார். "நிப்பாட்டச் சொன்னேனே?"

"பாப்பா இருக்கிற ரூம்ல நிப்பாட்டியாச்சுங்க."

"இது என்ன பேச்சு? கீழ இருக்கிறவுக சொல்லிக்குடுத்ததா?"

"இல்லங்க. அவுக என்கிட்டக் கேக்கவே இல்ல."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். கோபமா, வியப்பா என்று எனக்குத் தெரியவில்லை. "அடுப்படியில ஆவி அடிச்சு வீணாப் போகும், போ" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். நான் ஜன்னல் பக்கம் இன்னும் ஒரு சாண் தள்ளிவைத்தேன்.

மூன்று மாதம் அப்படிப் போயிற்று. மகளுக்கு மருந்து, கணவருக்குச் சாப்பாட்டு டப்பா, கீழே அக்காவுக்கு வருடம். இடையில் மகளுக்கு இன்னொரு முறை காய்ச்சல் வந்தது. மூன்று நாள் நான் திரையைப் பார்க்கவில்லை. அது பாட்டுக்கு ஓடியது. "அம்பத்தாறு." "அறுவத்தொண்ணு." தெருவில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள், மாடிக்காரிக்கும் கீழ்வீட்டுக்காரிக்கும் ஏதோ மந்திரம் என்று பேசிக்கொண்டார்கள். "வருசத்த ஏலம் விடுறாளுக" என்று ஒருத்தி சொன்னதைக் கேட்டு அக்கா தெருவுக்கே கேட்கும்படி, "எழுவது! எவளுக்கு வேணும்?" என்று கத்தினார்.

எண்பது முடிந்தது ஒரு சனிக்கிழமை முற்பகல். முடிந்த கணக்கை அனுப்பவேண்டும். கூடத்திலிருந்த தொலைபேசி வயரைச் சமையலறை வரை நீட்டி இணைத்தேன். பெரிய கோப்பு. பட்டை மெதுவாக நகர்ந்தது. அன்று என் கணவருக்குத் தேனிக்கு மாற்றல் பற்றி அலுவலகத்திலிருந்து போன் வரவேண்டியிருந்தது. அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"லைன விடு. ஆபீசுல இருந்து கூப்பிடுவாக."

"இருங்க."

"எவ்வளவு நேரம்?"

"முடியுற நேரம். நடுவுல அறுந்தாத் திரும்ப மொதல்ல இருந்து அனுப்பணும். முடிஞ்சதும் தாரேன்."

கல்யாணமாகி நாலு வருடத்தில் அவரிடம் நான் இருங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் எஸ்.டி.டி. பூத்துல போயி நானே கூப்பிட்டுக்கிறேன்" என்று படியிறங்கினார். இறங்கும்போது, "முடிஞ்சிரும்ல?" என்று மட்டும் கேட்டார்.

போகிற வழியில் அவர்தான் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சற்று நேரத்தில் அக்கா மேலே வந்தார். உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. அவர் திரையின் முன்னால் நின்றார், உட்காரவில்லை. பட்டை நிரம்பியது. பெறப்பட்டது என்று ஒரு வரி வந்தது. ஊர்ப் பெயருக்கு நேரே, முடிந்தது, ஒன்று. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நன்றி என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"எனக்கா குடுத்த, ஆத்தா?" என்றார் என் மனதைப் படித்தவர்போல. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, அடுத்ததுக்கும் மழையவே போடு."

"இல்லக்கா. நான் வேற எடுத்துட்டேன்."

"எது?"

மலேரியாக் காய்ச்சல் எப்படிப் பரவுகிறது, எதைச் செய்தால் குறையும் என்று கணக்கிடுகிற திட்டம் அது. முந்தின வாரமே அதன் பக்கத்தைப் படித்து, பாதிதான் புரிந்து, பதிவும் செய்திருந்தேன். என் மகளுக்கு வந்தது மலேரியா இல்லை. அந்த ஆட்டோவில் கத்திய பிறகு, காய்ச்சல் என்ற சொல் எங்கே இருந்தாலும் என் கண் அங்கே நின்றது. சொன்னேன்.

"மருந்த யாரு விப்பாக?"

"தெரியாது."

"முடிவைக் காட்டுவாகளாமா?"

"காட்டுவாங்கன்னு நெனைக்கிறேன்."

"எழுதிக் கேட்டியா?"

"இல்லக்கா."

"கேக்காமயா குடுக்கப் போற?" அவர் குரல் உயர்ந்தது. "இத்தன நாளு என் கூட இருந்து இதத்தான் படிச்சியா? எவனோ வாங்கிக்கிட்டுப் போவான். கேளு மொதல்ல."

அவர் சொல்வதுதான் சரி என்று பாதி மனது சொன்னது. இப்போது இரண்டாவது பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதும்போதும் அந்தப் பாதி மனது அப்படித்தான் சொல்கிறது.

"கேக்க மாட்டேன்க்கா. கேக்காமத்தான் குடுக்கப் போறேன்."

அவர் என்னைப் பார்த்தார். டியூப்லைட் வசூலுக்கு வந்தவர்களை, மகனை, கணவரைப் பார்த்து முறைத்த அதே முறைப்பு. நான் பார்வையைத் தாழ்த்தவில்லை. கொதிநீர் மூடியைத் தள்ளிக்கொண்டு அடுப்பில் வழிந்து சீறியது.

"சோறு கொழையப் போகுது" என்றார். "நீ ஒன் கணக்கப் போட்டு விடு. நான் வடிக்கிறேன்."

பிடிதுணியை எடுத்துக்கொண்டு அவர் அடுப்பின் பக்கம் திரும்பினார். நான் மவுஸில் கை வைத்து அமுக்கினேன்.